பாலத் தெருவின் குதிரைகள்

கில்டரகன், பாலத் தெரு
4 செப்டம்பர் 1995

அன்புள்ள ஃபின்டன் அண்ணனுக்கு,

உன் ஒரே தங்கை டெர்வ்லா எழுதுவது. வீட்டில் அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். தெருவுக்குத்தான் உடம்பு சரியில்லை, வயிற்றைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள். பாஸ்டனில் உனக்கும் ஊர் மெச்சிய உன் கால்களுக்கும் சுகம்தானே?

ஊரே எனக்குக் குழி பறிக்கிறது என்று நான் சொன்னபோதெல்லாம் நீ நம்பியதில்லை. இப்போது வந்து பார். நம் ஷூ கடை வாசலிலிருந்து பாலம்வரை கழிவுநீர்க் குழாய் பதிக்கத் தோண்டுகிறார்கள். பொக்லைன் ஓட்டுவது மாஸி டூஹி. அப்பாவோடு பள்ளியில் படித்த அதே மாஸிதான், வாய் இன்னும் அந்த இயந்திரத்தைவிடப் பெரியது. அவர் ஒரு வாளி மண் அள்ளியதும் பக்கத்தில் நிற்கும் பெண் கையை உயர்த்துவாள். இயந்திரம் நிற்கும். அவள் குனிந்து மண்ணைப் பார்த்துத் தலையாட்டினால்தான் அடுத்த வாளி. பழைய ஊரில் தெருவைத் தோண்டினால் இப்படி ஓர் ஆள் கூடவே நிற்கவேண்டுமாம். அவள் பெயர் சைவ். பெயர்தான் சைவ், கையில் எப்போதும் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி. அவள் தொல்லியல், நான் தொல்லை. முதல் நாளே ஒட்டிக்கொண்டோம்.

அள்ளிக் குவித்த மண்ணுக்குள் ஒரு பிளாஸ்டிக் டைனோசரைப் புதைத்துவைத்தேன். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அதைக் கழுவி, பையில் போட்டு, 'ஹானஃபின் காலம், மிகப் பிந்தியது' என்று நம் குடும்பப் பெயரிலேயே சீட்டு எழுதி என் கையில் கொடுத்தாள்.

சாயங்காலமானால் ஆற்றுப் பனி பள்ளத்துக்குள் இறங்கிப் படுத்துக்கொள்கிறது. நடப்பதற்குப் போட்ட பலகையில் நின்று பார்த்தால், கீழே பால் ஊற்றி வைத்தது போல இன்னொரு தெரு. அதற்கும் கீழே ஒன்று இருக்கிறது என்கிறாள் சைவ். சிப்பி ஓடுகள், கரிந்த மரம், யார் யாரோ நடந்து வழுவழுப்பாக்கிய உருளைக்கற்கள். நேற்று ஒரு தோல் செருப்பின் அடிப்பாகம் வந்தது, எழுநூறு வருஷத்துக்கு முந்தியதாம். அப்பா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இவன் நம்ம கடையில வாங்கியிருந்தா மேல்தோலும் மிஞ்சியிருக்கும்" என்றார்.

அவர் நடனப் போட்டிகளில் நீ ஜெயித்த கோப்பைகளையெல்லாம் கடைக் கண்ணாடி அலமாரியில் ஷூக்களுக்கு நடுவே வைத்துவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க பையன் இந்த ஷூ போட்டுத்தான் ஆடினான்" என்கிறார். மழைக்கால பூட்ஸைக் காட்டியும் அதையே சொல்கிறார்.

ஆனால் ஜூன் மாதத்துக்குப் பிறகு நீ ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றுவிட்டது. எழுது. எழுதாவிட்டால் உன் பழைய காதல் கடிதங்களைச் சைவிடம் கொடுத்துக் காலம் கணிக்கச் சொல்வேன்.

குறும்புடன்,
டெர்வ்லா


டார்செஸ்டர், பாஸ்டன்
30 செப்டம்பர் 1995

குட்டிப் பிசாசுக்கு,

நான் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பதில் தாமதமானதற்குக் காரணம் எதுவும் இல்லை, எழுத உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடுகிறேன்.

இப்போது கட்டட வேலைக்கு மேலே ஏறுவதில்லை. கீழே அலுவலகத்தில் போன் எடுக்கிற வேலை. உட்கார்ந்த வேலைதான். அதனால் ஆட்டத்துக்கும் நேரம் கிடைப்பதில்லை.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அன்றிரவு கனவில் பாலத் தெருவில் நடந்தேன். எல்லாக் கடைகளும் திறந்திருந்தன, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆனால் என் காலடிச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. கம்பளி மேல் நடப்பது போல இருந்தது. பயமாக இல்லை. அமைதியாகத்தான் இருந்தது.

பள்ளத்தில் வேறு என்ன வருகிறது? எல்லாவற்றையும் எழுது. இங்கே எதைத் தோண்டினாலும் எனக்குத் தெரிந்த யாருடைய தெருவும் வருவதில்லை.

அப்பா ஷூ அனுப்பப்போவதாக அம்மா எழுதியிருந்தாள். வேண்டாம் என்று சொல். என்னிடம் இருப்பதே போதும்.

அன்புடன்,
ஃபின்டன்


கில்டரகன்
11 அக்டோபர் 1995

அண்ணா,

சுகம், சுகம், எல்லோரும் சுகம். விஷயத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை நம் கடைக்கு நேர் எதிரே ஒரு வீட்டின் தரை வந்தது. ஆம், தெரு நடுவில். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வரிசை வீடுகளை இடித்துத்தான் நம் தெருவை அகலமாக்கினார்களாம். சாம்பல் படிந்த அடுப்பு, அதன் முன்னால் கட்டில் அளவுக்கு ஒரு பலகைக்கல். மாஸி பள்ளத்துக்குள் குதித்து அந்தக் கல்மேல் நின்றார். டும் என்றது. அவர் அப்படியே உறைந்துபோனார்.

"ஏம்மா, கீழ யாரோ கதவைத் தட்டறாங்க" என்றார்.

"தட்டினது நீங்க. அசையாம நில்லுங்க" என்றாள் சைவ்.

கல்லின் ஒரு மூலை உடைந்திருந்தது. அந்த ஓட்டைக்குள் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் விட்டு, வயிற்றின்மேல் படுத்தபடி பார்த்தாள். கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டாள்: "டெர்வ்லா, இது உன் வேலையா?"

உள்ளே இரண்டு குதிரை மண்டையோடுகள். மூக்கோடு மூக்கு வைத்து, ரகசியம் பேசுவது போல.

நான் குதிரைக்குக் கொம்பு வைக்கக்கூடியவள்தான், ஆனால் தெருவுக்கடியில் தலை வைக்குமளவு எனக்கு வயதாகவில்லை என்று சொன்னேன். சைவ் விளக்கினாள். அந்தக் காலத்தில் அடுப்பின் முன்னால் குழி எடுத்துக் குதிரைத் தலைகளை வைத்து, மேலே கல்லைப் போடுவார்களாம். எதற்குத் தெரியுமா? ஆடுவதற்கு. ஆடுகிறவன் மிதித்தால் வெற்று மண்டைக்குள் சத்தம் உருண்டு கல் முழுக்க ஒலிக்கும். உன் ஆட்டக்காரர்கள் ஒத்திகை பார்த்த இடத்துக்கு மேலேதான் இத்தனை நாள் பால் வண்டி போய்க்கொண்டிருந்தது.

அன்று முழுக்க எனக்குத் தூக்கத்தில் நடப்பது போலவே இருந்தது. வகுப்பில் உட்கார்ந்தால் தரைக்குக் கீழே இரண்டு குதிரைகள் காதை நிமிர்த்திக்கொண்டு காத்திருக்கின்றன. யாருக்கு? உனக்குத்தான்.

கல்லை எடுக்கமாட்டார்களாம். வரைந்து, படமெடுத்து, குழாயை ஒதுக்கிக் கொண்டுபோய், அதைத் துணி போர்த்தி மணல் கொட்டி அங்கேயே மூடிவிடுவார்கள். அப்படித்தான் செய்யவேண்டுமாம். டிசம்பர் எட்டாம் தேதி கிராமத்து ஜனங்களெல்லாம் கிறிஸ்துமஸ் சாமான் வாங்க வருவார்கள் இல்லையா, அதற்குள் தெரு மூடியாகவேண்டும் என்று கடைக்காரர்கள் பல்லைக் கடிக்கிறார்கள். அப்பாவும் கடித்தார். இப்போது கல்லைப் பார்த்ததிலிருந்து, "ஃபின்டன் வந்து ஒரு தடவை ஆடட்டும், அப்புறம் மூடலாம்" என்று மற்ற கடைக்காரர்களிடமே சண்டை போடுகிறார்.

வா. மூடுவதற்குள் வா.

ஷூ வேண்டாம் என்று சொன்னேன். அப்பா காதில் விழவில்லை. நானே பெட்டி கட்டி அனுப்பியிருக்கிறேன்.

உன்,
டெர்வ்லா


டார்செஸ்டர்
1 நவம்பர் 1995

அன்புள்ள டெர்வ்லாவுக்கு,

அனைவரும் நலமா? இங்கே மரங்கள் இலையை உதிர்த்துவிட்டன. காலையில் தெரு முழுக்கச் சிவப்பாக இருக்கிறது, நடக்கிறவர்கள் எல்லோரும் சரசரவென்று சத்தம் போடுகிறார்கள்.

ஷூ வந்தது. அப்பாவுக்கு நன்றி சொல். அளவு கச்சிதம். இரண்டையும் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்து பார்த்தேன், வெண்ணெய் போல இருக்கிறது. அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், இதை அவரிடம் வாசித்துக் காட்டு.

வருவதைப் பற்றி. உனக்குத் தெரியும், எனக்கு இங்கே விசாக் காகிதம் எதுவும் இல்லை. ஒருமுறை வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஒரு கல்லில் ஒரு தடவை ஆட யாராவது அப்படி வருவார்களா? ஒருகால் அடுத்த வருஷம் ஏதாவது வழி பிறக்கலாம். அவர்கள் மூடட்டும்.

அந்தக் குதிரைகளைப் பற்றி நினைக்காத நாளில்லை. அது மட்டும் உண்மை.

ஃபின்டன்


கில்டரகன்
8 நவம்பர் 1995

ஃபின்டன்,

வலது ஷூவின் நுனியில் ஒரு பீப்பியைத் திணித்துவைத்திருந்தேன். நாய்ப் பொம்மையின் வயிற்றிலிருந்து எடுத்தது. கால் பட்டால் பன்றிக்குட்டி போலக் கத்தும். நீ அந்த ஷூவைப் போட்டிருந்தால் உன் கடிதம் என்னைத் திட்டித்தான் தொடங்கியிருக்கும்.

'இரண்டையும் போட்டு நடந்தேன், வெண்ணெய் போல' என்று எழுதியிருக்கிறாய்.

உட்கார்ந்த வேலை. சத்தம் கேட்காத நடை. ஜூன் மாதம். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். சைவ் இப்படித்தான் செய்கிறாள், ஒரு மண்ணுக்குக் கீழே இன்னொரு மண்.

உன் வலது காலுக்கு என்ன ஆனது?

அப்பாவிடம் உன் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன். அவருக்குச் சந்தோஷம்தான். வேறு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

டெர்வ்லா


டார்செஸ்டர்
15 நவம்பர் 1995

டெர்வ்லா,

உன் கடிதம் வந்ததும் பெட்டியிலிருந்து வலது ஷூவை எடுத்துக் கையை விட்டு அமுக்கினேன். கத்தியது. அறையில் கூட இருக்கிற பையன் பயந்து எழுந்து உட்கார்ந்தான். நான் சிரித்தேன். எப்போது கடைசியாகச் சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

ஜூனில் ஓர் இரும்புச் சட்டம் விழுந்தது. பாதத்தின் முன்பாதி போய்விட்டது. குதிகால் இருக்கிறது. ஊன்றுகோல் வைத்தால் நடக்கிறேன், வைக்காவிட்டால் படகில் நிற்பவன் போல ஆடுகிறேன். காகிதம் இல்லாதவன் என்பதால் இன்னொருவன் பெயரில்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நர்ஸ் 'பேட்ரிக்' என்று கூப்பிடும்போதெல்லாம், கால் போனது அந்த பேட்ரிக்குக்குத்தான், எனக்கு இல்லை என்று கொஞ்சநேரம் நம்பமுடிந்தது.

இங்கே இருக்க எனக்கு ஆசை இல்லை. ஆனால் நம் வீட்டுக்குப் போக வேறு வழி கிடையாது, அந்தக் கண்ணாடி அலமாரியைத் தாண்டித்தான் போகவேண்டும். அத்தனை கோப்பைக்கு முன்னால், அத்தனை கடைக்காரர்கள் பார்க்க, டக்... சர்... டக்... சர்... என்று. அப்பா அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே நிற்பார்.

அவரிடம் சொல்லாதே. அம்மாவிடமும்.

நீ சுகமாக இரு.

ஃபின்டன்


கில்டரகன்
22 நவம்பர் 1995

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நான் மட்டும் கொஞ்சம் அழுதேன். அம்மா கேட்டதற்கு வெங்காயம் என்றேன். "வெங்காயம் எங்க?" என்றாள். சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லவேண்டியதாயிற்று, பிறகு நிரூபிக்கவும் வேண்டியதாயிற்று. உனக்காக ஒரு முழு வெங்காயம் பச்சையாகத் தின்றிருக்கிறேன், மறக்காதே.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது உன் கால், உன் வாய்.

ஆனால் ஒன்று கேள். நேற்று மழை நின்றதும் சைவ் என்னைப் பள்ளத்துக்குள் இறங்கவிட்டாள். என் கால்களைப் பற்றி உனக்குத் தெரியும், ஒன்று கத்தோலிக்கம், ஒன்று புராட்டஸ்டண்ட், சேர்ந்து எங்கும் போகாது. ஆட்ட வகுப்பில் டீச்சர் என்னை நாற்காலி அடுக்க மட்டுமே வைத்திருந்தார். அந்தக் கல்லின்மேல் மெதுவாக ஒரு குதிகாலை வைத்தேன். அண்ணா, கல் பதில் சொன்னது. கிணற்றுக்குள் யாரோ உன் பெயரை முதல் தடவையாகச் சரியாக உச்சரிப்பது போல இருந்தது. மேலே பனி, இருபுறமும் ஈர மண், தெருவே தெரியவில்லை. எந்த வருஷத்தில் நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

மாஸி, "தள்ளு, தள்ளு" என்று இறங்கி, சேற்று பூட்ஸோடு ஒரு சுற்று ஆடினார். பசுமாடு மாடிப்படி இறங்குவது போலத்தான். குதிரைகள் அதற்கும் ஒலித்தன.

"இது நல்லா ஆடறவங்களுக்குன்னு செஞ்சதில்ல" என்றாள் சைவ். "அடுப்பு முன்னாடி யார் வேணா எழுந்திருச்சு ஆடுவாங்க. சத்தத்தைக் கல்லு பாத்துக்கும்."

மாஸியின் பூட்ஸுக்கே வாயைத் திறந்தவை, உன் ஒன்றரைக் காலுக்கா மூடிக்கொள்ளும்?

மணல் வண்டி டிசம்பர் ஏழாம் தேதி காலையில் வருகிறது. வந்தால் திரும்பிப் போகமுடியாது என்று எழுதியிருந்தாய். அங்கே இருக்க ஆசை இல்லை என்றும் நீதான் எழுதியிருக்கிறாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்.

உன்,
டெர்வ்லா


கீழ் அறையிலிருந்து மாடி அறைக்கு
6 டிசம்பர், காலை

அண்ணா,

கடல் தாண்டி எழுதியபோதாவது நீ பதில் போட்டாய். இப்போது பதினாறு படி தாண்டி எழுதுகிறேன், கதவுக்கடியில் தள்ளுகிறேன். சுகமா? அம்மா வைத்த கஞ்சியைச் சாப்பிட்டாயா?

முந்தாநாள் பின்சந்து வழியாகக் காரில் வந்து, யார் கண்ணிலும் படாமல் மேலே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாய். அப்பா உன் காலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போய்விட்டார். நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் பின்னாலேயே போய் ஒட்டுக்கேட்டேன். ஷூ போட்டுப் பார்க்கிற முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவிடம், "ஆறு மாசம் தனியா கெடந்திருக்கான், மேரி" என்றார். அவ்வளவுதான். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நாளைக் காலை மணல் வருகிறது.

டெ.


மாடி
6 டிசம்பர், மதியம்

டெர்வ்லா,

கஞ்சி சாப்பிட்டேன்.

அவரிடம் கோப்பைகளை எடுத்துவிடச் சொல். அவை அங்கே இருக்கும்வரை நான் தெருப் பக்கம் வரமுடியாது.

ஃபி.


கீழ்
6 டிசம்பர், சாயங்காலம்

சொன்னேன். அவர் ஒரு பெண்மணிக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. "அது அவன் ஜெயிச்சது. வேண்டாம்னா அவனே வந்து எடுக்கட்டும். நான் கை வைக்க மாட்டேன்" என்றார். அந்தப் பெண்மணியின் இடது பூட்ஸை வலது காலில் மாட்டியிருந்தார். அவளும் பாவம், அப்படியே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

சைவ் சொல்லி அனுப்பியது: "பதிவெல்லாம் முடிஞ்சது. மணல் வண்டி எட்டு மணிக்கு. ஏழு மணிக்கு நான் டீ குடிக்கப் போவேன். மெதுவாத்தான் குடிப்பேன். அப்போ அந்தக் கல்லு மேல யார் நின்னாங்கன்னு எனக்குத் தெரியாது."

டெ.


மாடி
7 டிசம்பர், விடியல்

பள்ளம் எவ்வளவு ஆழம்? இறங்க ஏணி இருக்கிறதா?

ஃபி.


கீழ்
7 டிசம்பர்

அண்ணா,

என் உயரம். ஏணி இருக்கிறது, ஆனால் படியெல்லாம் உறைபனி. மாஸி பொக்லைன் வாளியைக் கழுவி உள்ளே சாக்கு விரித்து வைத்திருக்கிறார். "ராஜா மாதிரி உக்கார வச்சு எறக்கறேன். ஆனா வாயை மூடிட்டு எறக்கணும்னு மட்டும் கேட்கக் கூடாது" என்கிறார். மூடுபனி தெருவை நிரப்பிவிட்டது, நம் வாசலிலிருந்து பார்த்தால் பொக்லைனின் மஞ்சள் மட்டும்தான் மிதக்கிறது. கடைக்காரர்கள் யாரும் இன்னும் கதவு திறக்கவில்லை.

அப்பா மட்டும் பள்ளத்தின் ஓரத்தில் நிற்கிறார். யாரும் அவரிடம் சொல்லவில்லை, தானாகவே போய் நிற்கிறார். கோட்டுகூடப் போடவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். குளிர்தான் அதிகம். சீக்கிரம் வா.

டெர்வ்லா